முப்பது வயதைத் தாண்டியவருக்குக் கவுன்டர்-ஸ்டிரைக்கில் குறைவது கைவேகமா, பயிற்சியா?

கேள்வி: பழைய டஸ்ட்

எனக்கு வயது 34. பள்ளி இறுதியாண்டில் பிரவுசிங் சென்டரில் கவுன்டர்-ஸ்டிரைக் 1.6 ஆடத் தொடங்கி, பிறகு குளோபல் ஒஃபென்சிவ், இப்போது கவுன்டர்-ஸ்டிரைக் 2 என்று அந்த ஒரே துப்பாக்கிச் சண்டை விளையாட்டின் அடுத்தடுத்த பதிப்புகளைக் கடந்து வந்திருக்கிறேன். வேலை, திருமணம், குழந்தை என்று இடையிடையே ஆட்டம் நின்றுபோனதுண்டு; ஆனாலும் முழுமையாக விட்டதில்லை.

என் அக்கா மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். அவன் இந்த விளையாட்டுக்குள் வந்து அதிக நாள் ஆகவில்லை. நாங்கள் இருவர் மட்டும் நேருக்கு நேர் மோதினால் பெரும்பாலும் அவன்தான் வெல்கிறான். நான் அவனைப் பார்த்து, இது எதிரி என்று உணர்ந்து, மவுஸை அழுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஆனால் ஐந்து பேர் கொண்ட முழு ஆட்டத்தில் இருவரும் எதிரெதிர் அணிகளில் ஆடினால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. அவன் எந்தப் பக்கத்திலிருந்து வருவான் என்பதும், துப்பாக்கி வாங்கப் பணம் இல்லாத சுற்றில் அவர்கள் என்ன செய்வார்கள் என்பதும் எனக்கு முன்கூட்டியே ஓரளவு தெரிந்துவிடுகிறது.

நான் தெரிந்துகொள்ள விரும்புவது இதுதான். நேருக்கு நேர் மோதலில் நான் இழந்திருப்பது உண்மையிலேயே வயது எடுத்துக்கொண்டதா, அல்லது அவனைப்போல் தினமும் உட்கார நேரமில்லாததால் வந்ததா? வயதுதான் காரணம் என்றால், அதை அனுபவத்தால் எவ்வளவு தூரம் ஈடுகட்ட முடியும்? தொழில்முறை வீரர் ஆகும் எண்ணம் எனக்கு இல்லை. ரேங்க் போட்டிகளில் மரியாதையாக நிலைத்து நிற்க வேண்டும் என்பதே ஆசை. சர்வர் சென்னையிலேயே இருப்பதால் பிங்கை, அதாவது இணையத் தாமதத்தை, குறைசொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

மறுமொழி: அரைநொடி

எதிர்வினை நேரம் என்று பொதுவாகச் சொல்லப்படுவதை இரண்டாகப் பிரித்தால்தான் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும். ஒரு விளக்கு எரிந்தவுடன் ஒரே ஒரு பொத்தானை அழுத்துவது எளிய எதிர்வினை. இளைஞர் ஒருவருக்கு அது சுமார் 200 முதல் 250 மில்லி நொடிக்குள் முடியும். எரிந்தது சிவப்பா பச்சையா என்று பார்த்து, அதற்கேற்ற பொத்தானைத் தேர்ந்து அழுத்துவது தெரிவு சார்ந்த எதிர்வினை. பிரிட்டனில் பல ஆயிரம் பேரிடம் எடுக்கப்பட்ட அளவீடுகளை ஆராய்ந்து 2006-ல் வெளியான கட்டுரை ஒன்று, எளிய எதிர்வினை ஏறக்குறைய ஐம்பது வயதுவரை பெரிதாக மாறுவதில்லை என்றும், தெரிவு சார்ந்த எதிர்வினை இளமை முடிந்தது முதலே தொடர்ந்து மெல்ல மந்தமாகிக்கொண்டு வருகிறது என்றும் காட்டியது. ஆகவே திரை பச்சையானதும் அழுத்தச் சொல்லும் இணையச் சோதனையில் உங்கள் மருமகனுக்கு இணையாக நீங்கள் எண் எடுத்தால்கூட, அது ஆட்டத்தில் நடப்பதைச் சொல்லிவிடாது. ஆட்டத்தில் உங்கள் கண்ணில் படுவது வெறும் விளக்கு அல்ல. அது எதிரியா, நம் அணிக்காரரா, தலை எங்கே இருக்கிறது, சுடுவதா பின்வாங்குவதா என்ற தெரிவுகளின் கூட்டம்.

விளையாட்டையே ஆய்வுக்களமாகக் கொண்டு செய்யப்பட்டவற்றுள் அதிகம் பேசப்படுவது, கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தினர் ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற போர் உத்தி விளையாட்டை வைத்து 2014-ல் வெளியிட்ட ஆய்வு. 16 வயது முதல் 44 வயது வரையுள்ள 3,305 வீரர்களின் ஆட்டப் பதிவுகளை எடுத்து, திரையை ஒரு புதிய இடத்துக்கு நகர்த்திய கணத்திலிருந்து அங்கே முதல் கட்டளையை இடும் கணம்வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார்கள். அந்த இடைவெளி 24 வயதை ஒட்டி நீளத் தொடங்குகிறது என்பது முடிவு. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் ‘24 வயதோடு கேமர் முடிந்தார்’ என்று செய்தித்தளங்கள் எழுதின. ஆனால் அதே ஆய்வில் இருந்த மற்ற இரண்டு செய்திகளே நமக்கு முக்கியமானவை என்று நான் நினைக்கிறேன். முதலாவது, திறமை மிக்கவர்களுக்கு இந்தத் தளர்ச்சி குறைவாக இருக்கும் என்பதற்கு அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. அதாவது அனுபவம் நரம்புகளை இளமையாக வைத்திருப்பதில்லை. இரண்டாவது, மூத்த வீரர்கள் இளையவர்களைவிட எளிய உத்திகளையும், விளையாட்டு தரும் குறுக்குவிசை வசதிகளையும் பயன்படுத்தி அந்த இழப்பை ஈடுகட்டுவதாகத் தெரிந்தது. வேகம் போகிறது, வேறொன்று அந்த இடத்துக்கு வருகிறது. வருவது போனதன் மாற்றுரு அல்ல.

அந்த ஆய்வின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஒரே ஆளை இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து அளந்தது அல்ல அது. வெவ்வேறு வயதினரை ஒரே காலத்தில் ஒப்பிட்டது. 40 வயதில் அந்த விளையாட்டை விடாமல் ஆடுபவர் எப்படிப்பட்டவர், 18 வயதில் ஆடுபவர் எப்படிப்பட்டவர் என்பதில் வயதைத் தவிர வேறு வேறுபாடுகளும் இருக்கக்கூடும். மேலும் அது சராசரி. பின்லாந்தின் யோனா சோடலா, அதாவது செர்ரல், 1998-ல் பிறந்தவர். 24 வயதைத் தாண்டிய பிறகு, 2024 கடோவிட்சே உலகப் போட்டியின் இறுதியில் கொரியாவின் மாருவை ஓர் ஆட்டம்கூட விட்டுக்கொடுக்காமல் 4-0 என்று வென்றார். அதே விளையாட்டு, அதே வகையான கைவேகம் தேவைப்படும் களம்.

கடைசியாக ஒரு கணக்கு. 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 16.7 மில்லி நொடி; 240 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 4.2 மில்லி நொடி. உங்களிடம் அலுவலக மானிட்டரும் மருமகனிடம் கேமிங் மானிட்டரும் இருந்தால், வயதின் கணக்கில் நீங்கள் எழுதிவைத்திருக்கும் கடனில் ஒரு பங்கு மேசையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. முதலில் இருவரும் நாற்காலியை மாற்றிக்கொண்டு ஆடிப் பாருங்கள்.

மறுமொழி: மின்னல் முத்து

எனக்கு வயது 19. மேலே எழுதியவர்மேல் மதிப்பு உண்டு. ஆனாலும் இங்கே மூத்தவர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்வதுபோல் தோன்றுவதால் எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன், அண்ணா. டோங்க் என்ற ரஷ்ய வீரர் 2007-ல் பிறந்தவர். 2024 டிசம்பரில் ஷாங்காய் மேஜரை (கவுன்டர்-ஸ்டிரைக்கின் மிகப் பெரிய போட்டிகளுக்கு மேஜர் என்று பெயர்) வென்றபோது அவருக்கு வயது 17, தொடரின் சிறந்த வீரரும் அவரே. அவர் எத்தனை ஆண்டு அனுபவம் சேர்த்திருக்க முடியும்? பத்து ஆண்டுகளாக மேஜர் ஆடிவந்தவர்களை அவர் அனுபவத்தால் வெல்லவில்லை. அவர்கள் நினைத்தே பார்க்காத நேரத்தில், நினைத்தே பார்க்காத வேகத்தில் உள்ளே புகுந்து வென்றார்.

வயதுக்கு எதிர்வாதமாக எப்போதும் கேரிகன் பெயரைச் சொல்கிறார்கள். அவர் அணித்தலைவர். மதிப்பெண் பட்டியலில் பல நாள் அவர் பெயர் கீழேதான் இருக்கும். மேலே இருக்கும் நான்கு பேரும் அவரைவிட இளையவர்கள். அவர் சொல்வதைக் கேட்டு நடக்க உலகத்தரமான நான்கு பேர் இருக்கிறார்கள். நீங்கள் இரவு பத்து மணிக்குத் தனியாக ரேங்க் ஆட்டத்தில் நுழைந்தால், உங்கள் இத்தனை ஆண்டு அறிவைக் கேட்க மைக்கைத் திறந்து வைத்திருப்பவர் யார்? அங்கே தோட்டா முதலில் யாருடையது என்பதுதான் கணக்கு. நான் அதிக மணி நேரம் ஆடுகிறேன் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த நேரம் கிடைப்பதும் வயதின் ஒரு பகுதிதானே?

மறுமொழி: சதுக்கபூதம்

முத்து கடைசியில் சொன்னது சரி. நேரம் என்பதும் வயதோடு சேர்ந்தே வருகிற ஒன்று. அதைத் தனியே பிரித்துவிட்டு வயதைப் பற்றிப் பேசுவது ஆய்வகத்தில் முடியும், வீட்டில் முடியாது. ஆனால் ஷாங்காய் இறுதியைப் பாதியில் நிறுத்திவிட்டார். அந்த இறுதி ஆட்டத்தில் டோங்க் ஆடிய ஸ்பிரிட் அணிக்கு எதிரே நின்றது ஃபேஸ் அணி. அதன் தலைவர் அதே கேரிகன், 1990-ல் பிறந்தவர், அப்போது 34 வயது. மூன்று வரைபடங்கள்வரை, அதாவது மூன்று ஆட்டக்களங்கள்வரை, போய் ஸ்பிரிட் 2-1 என்று வென்றது. கேள்வி கேட்டவரின் வயதுக்காரர் ஒருவர், உலகின் மிகப் பெரிய மேடையில், தம் வயதில் பாதியே ஆன வீரரை மூன்றாவது வரைபடம்வரை இழுத்துச் சென்றார். இதே கேரிகன் 2018-ல் பாஸ்டன் மேஜர் இறுதியில் கைக்கு வந்த கோப்பையைக் கூடுதல் சுற்றுகளில் கிளவுட்9 அணியிடம் இழந்தவர். 2022 மே மாதம் ஆன்ட்வெர்ப் மேஜர் கோப்பையைத் தூக்கியபோது அவருக்கு 32 வயது. 2025-ல் ஆஸ்டின் மேஜரை வென்ற வைட்டாலிட்டியின் தலைவர் ஏபெக்ஸ் என்பவருக்கும் அப்போது 32 வயதுதான். ஸ்பிரிட் அணியிலும் டோங்குக்கு வழி திறந்துவிட்ட தலைவர் சாப்பர் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். பதினேழு வயதுக்காரரின் வேகத்தை எந்த நொடியில், எந்த வாசலில் செலவழிப்பது என்று இருபத்தேழு வயதுக்காரர் ஒருவர் தீர்மானித்துக்கொண்டிருந்தார்.

‘தனியாக ஆடுபவருக்கு அணித்தலைமை எதற்கு’ என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை, யாரும் கேட்காவிட்டாலும் பயன்படும் அனுபவம் எது என்று பிரித்தறிவதில் இருக்கிறது.

கவுன்டர்-ஸ்டிரைக்கில் ஒரு மூலையைப் பார்த்து அசையாமல் காத்திருப்பவரைவிட, மூலையிலிருந்து வெளியே எட்டிப் பார்ப்பவருக்குச் சிறு முன்னிலை உண்டு. அவருடைய அசைவு சர்வருக்குப் போய், அங்கிருந்து காத்திருப்பவரின் திரைக்கு வந்து சேர்வதற்குள் அவர் எதிரியைப் பார்த்துவிடுகிறார். காத்திருப்பவர் எதிர்வினை ஆற்ற வேண்டியவர். எட்டிப் பார்ப்பவர் நேரத்தைத் தாமே தேர்ந்தவர். வயதானவர்கள் பொதுவாகப் பாதுகாப்பு என்று நினைத்து ஒரே மூலையில் உட்கார்ந்துவிடுகிறார்கள், அதாவது தங்களிடம் குறைந்துகொண்டிருக்கும் சரக்கையே விலையாகக் கேட்கும் கடைக்குப் போய் நிற்கிறார்கள். எதிரி எந்தப் பக்கத்திலிருந்து வருவான் என்று முன்கூட்டியே ஓரளவு தெரிந்துவிடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணிப்பை வைத்துக்கொண்டு நீங்கள் முதலில் எட்டிப் பாருங்கள். அல்லது கண்ணைக் கூசவைக்கும் ஃபிளாஷ் குண்டு ஒன்றை எறிந்துவிட்டு எட்டிப் பாருங்கள். கண் கூசியவனின் வயது பதினாறானாலும் அறுபதானாலும் அந்த ஒரு நொடிக்கு ஒன்றுதான்.

அடுத்தது குறியை வைக்கும் உயரம். ஏகே-47 தோட்டா ஒன்று தலையில் பட்டால், எதிரி தலைக்கவசம் அணிந்திருந்தாலும் முடிந்தது. நடக்கும்போதெல்லாம் குறி தலை உயரத்திலும், அடுத்த எதிரி வரக்கூடிய விளிம்பிலும் இருந்தால், அவன் தோன்றியதும் மவுஸை நகர்த்த வேண்டிய தேவையே இல்லை. விரல் மட்டும் அசைந்தால் போதும். மேலே அரைநொடி சொன்ன பிரிவினையின்படி, தெரிவு சார்ந்த எதிர்வினையாக இருந்ததை எளிய எதிர்வினையாக மாற்றிக்கொள்கிறீர்கள். எளிய எதிர்வினைதான் ஐம்பதுவரை அதிகம் தேய்வதில்லையே. எந்த விளிம்பில் வைப்பது என்பதைச் சொல்லித்தருவது வரைபடத்தைப் பற்றிய பழைய அறிவு. இங்கே அனுபவம் வேகத்துக்குப் பதிலாக வரவில்லை. வேகம் தேவைப்படும் தருணங்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறது.

ஆனால் எல்லா அனுபவத்துக்கும் ஆயுள் ஒன்றல்ல. 2023 செப்டம்பரில் இரண்டாம் பதிப்பு வந்தபோது புகைக்குண்டு முற்றிலும் மாறிப்போனது. முன்பு சுவர்போல் நின்ற புகை, இப்போது தோட்டா துளைத்தாலும் குண்டு வெடித்தாலும் சில கணம் விலகி வழி விடுகிறது. புகைக்குள் நின்று காலம் கடத்தும் பழைய வித்தைகள் பல ஒரே நாளில் மதிப்பிழந்தன. ஆட்டத்தின் நீளமும் குறைந்தது. 16 சுற்று வென்றால் வெற்றி என்பது 13 என்று ஆனதால், கைத்துப்பாக்கி மட்டுமே கிடைக்கும் தொடக்கச் சுற்றைத் தோற்றபின் பணம் சேர்த்து மீண்டு வரும் பழைய பொறுமைக்கு இப்போது இடம் குறைவு. ‘நான் 1.6 காலத்து ஆள்’ என்று சொல்பவர்களில் பலர் உண்மையில் காலாவதியான விடைகளை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள். பதினாறு வயதுப் பையனுக்கு மறக்க வேண்டியது ஒன்றுமில்லை என்பதே அவனுடைய பெரிய அனுகூலம். கைவேகத்தைவிட அது பெரிது என்பேன்.

மறுமொழி: பழைய டஸ்ட்

இருவருக்கும் நன்றி, முத்துவுக்கும் சேர்த்துத்தான். மருமகனிடம் இருப்பது உயர்ந்த ஹெர்ட்ஸ் மானிட்டர் என்பதை இன்று மாலைதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு துணைக்கேள்வி. பதிப்பு மாறும்போதெல்லாம் அனுபவம் காலாவதியாகிறது என்றால், வேகம் குறைவாகத் தேவைப்படும் வேறு வகை விளையாட்டுக்கு மாறிவிடுவது என் வயதுக்காரருக்கு நல்லதா? சண்டை விளையாட்டுகளில் நாற்பது வயதுக்காரர்கள்கூட ஆடுவதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

மறுமொழி: மூன்றாம் சுற்று

கேள்விப்பட்டது உண்மைதான், ஆனால் அங்கே வேகம் தேவையில்லை என்று எண்ணிக்கொண்டு வந்துவிட வேண்டாம். ஸ்ட்ரீட் ஃபைட்டரும் டெக்கனும் நொடிக்கு 60 படங்களாக ஓடுபவை. அடிகளின் நீளம் அந்தப் படக்கணக்கில்தான் சொல்லப்படும். நான்கைந்து படத்தில் வந்து விழும் அடி ஒன்றுக்கு ஏறக்குறைய 80 மில்லி நொடிதான் அவகாசம். அதைப் பார்த்துத் தடுக்க உலகில் எந்த வயதுக்காரராலும் முடியாது. அதனால்தான் அங்கே வயது வேறு மாதிரி செயல்படுகிறது: பார்த்துத் தடுக்கவே முடியாதவை எத்தனையோ இருப்பதால், எல்லோரும் முன்கூட்டியே ஊகித்துத்தான் ஆக வேண்டும், ஊகத்தில் மூத்தவருக்கு இழப்பில்லை.

இதற்கு எல்லோரும் காட்டும் சான்று, 2004-ல் கலிபோர்னியாவில் நடந்த ஈவோ என்ற சண்டை விளையாட்டுப் போட்டியில் ஜப்பானின் டைகோ உமெஹாரா செய்தது. அவருடைய கென் பாத்திரத்துக்கு உயிர் ஒரு கோடு அளவே மிஞ்சியிருந்தது. தடுத்தால்கூட உதிர்ந்துபோகும் நிலை. எதிரே ஜஸ்டின் வாங்கின் சுன்-லி தன் பதினைந்து அடித் தாக்குதலைத் தொடங்கியது. டைகோ பதினைந்தையும் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுத் திருப்பி அடித்து வென்றார். காணொளியைப் பார்ப்பவர்கள் இதை மின்னல்வேகம் என்பார்கள். ஆனால் அந்தத் தாக்குதலின் முதல் அடியைத் தட்ட வேண்டுமானால், அது வருகிறது என்று திரை காட்டுவதற்கு முன்பே கை அசைந்திருக்க வேண்டும். அவர் எதிராளியைப் படித்துவிட்டுக் காத்திருந்தார். மீதி பதினான்கும் மனப்பாடமான தாளம். அப்போது அவருக்கு 23 வயது. பிறகு போட்டிகளை விட்டு விலகி, சிலகாலம் மாஜாங் ஆடி, முதியோர் பராமரிப்பு வேலைக்கும் போனவர், திரும்பி வந்து 2009, 2010 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4-ல் ஈவோ பட்டத்தை வென்றார். 2017-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 இறுதியில், தோற்றோர் பிரிவிலிருந்து மேலேறி வந்த டோகிடோவுக்கு வயது 32. அவர் வீழ்த்திய பங்க் என்ற அமெரிக்கருக்கு 18.

இவற்றைவிட எனக்குப் பிடித்த செய்தி வேறு. தென்கொரியாவின் நீ, 1985-ல் பிறந்தவர், டெக்கன் உலகின் முடிசூடா மன்னர் என்று கருதப்பட்டவர். 2019 பிப்ரவரியில் ஈவோ ஜப்பானில், லாகூரிலிருந்து வந்த அர்ஸ்லான் ஆஷ் என்ற பெயரை உலகம் முதன்முறையாகக் கேட்டது. அவர் பட்டம் வென்றதோடு, தம் ஊரில் தம்மைப் போன்ற வீரர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார். நீ என்ன செய்தார்? பாகிஸ்தானுக்கே போய், அந்த ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து ஆடி, அவர்கள் முறையைக் கற்றுக்கொண்டார். பெரிய ஆள் என்ற கூச்சம் இல்லாமல் மாணவராகப் போய் உட்கார்ந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஈவோ இறுதியில் இருவரும் மோதியபோது அர்ஸ்லான்தான் வென்றார் என்றாலும், இறுதிவரை வந்த மற்றவர் நீ தான். சதுக்கபூதம் சொன்ன காலாவதிக்கு இதைத் தவிர வேறு மருந்து எனக்குத் தெரியவில்லை. ஆகவே வேறு விளையாட்டுக்கு மாறுவதா என்ற கேள்விக்கு என் விடை: புதியதைத் தொடக்கநிலையிலிருந்து கற்கும் பொறுமை உங்களுக்கு இருந்தால் மாற வேண்டிய தேவையே இருக்காது, அந்தப் பொறுமை இல்லையென்றால் மாறியும் பயனிருக்காது.

மறுமொழி: இயன்முறை

நான் பிசியோதெரபிஸ்ட். மேலே எல்லோரும் மூளையையும் கண்ணையும் பற்றியே பேசினார்கள்; முப்பதுகளில் என்னிடம் வருபவர்களிடம் முதலில் தேய்வது மணிக்கட்டும் முழங்கையும்தான். அது வயதின் வேலை என்பதைவிடச் சேர்ந்துகொண்டே வந்த மணிநேரங்களின் வேலை. டோட்டா 2-ல் ஃபியர் என்ற அமெரிக்க வீரர் கைவலியால் 2014 உலகப் போட்டியில் ஆடாமல் பயிற்சியாளராக ஒதுங்கியிருந்தார். மறு ஆண்டு திரும்பி வந்து 27 வயதில் கோப்பையை வென்றார். அதே அணியில் கராச்சியில் வளர்ந்த சுமெயிலுக்கு வயது 16. லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் கொரிய வீரர் ஃபேக்கர் 2023 கோடையில் கைப்பிரச்சினையால் சில வாரம் விலகியபோது அவருடைய டி1 அணி அடுத்தடுத்துத் தோற்றது. அவர் திரும்பி, அந்த ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டுகளும் உலகக் கோப்பையை வென்றார். முதல் கோப்பை 2013-ல், ஆறாவது 2025-ல், 29 வயதில். 2016-க்கும் 2023-க்கும் இடையே ஒன்றுகூட இல்லை. அந்த இடைவெளியில் அவரை வயதானவர் என்று எழுதியவர்கள் அதிகம்.

கொரியாவில் ‘இருபத்தைந்தோடு முடிந்தது’ என்ற எண்ணம் பரவியதற்கு நரம்பியல் மட்டும் காரணம் அல்ல. அங்கே ஆண்கள் இருபதுகளின் இறுதிக்குள் கட்டாய ராணுவப் பணிக்குப் போக வேண்டும். திரும்பி வரும்போது அணியில் இடம் இருக்காது. ஸ்டார்கிராஃப்டின் முதல் பெரும் நட்சத்திரமான லிம் யோ-ஹ்வான் 2006-ல் பணியில் சேர்ந்த பிறகு, விமானப்படை தனக்கென்றே ஓர் அணியை வைத்து லீக்கில் ஆடியது. 2007 முதல் 2012 வரை அது இருந்தது. முப்பது வயதிலும் தொழில்முறை வீரராக இருந்து காட்டுவேன் என்று சொன்னவர் அவர். 2010-ல் புதிய ஸ்டார்கிராஃப்ட் 2-க்கு மாறி, அந்த வயதில் கொரியாவின் முதன்மைத் தொடரில் அரையிறுதிவரை சென்றார். ஃபேக்கருக்கு அந்த இடைவெளி வராததற்குக் காரணம், ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கிடைத்த தங்கமும் அதனால் கிடைத்த விலக்கும். ஓய்வு பெறும் வயதுப் பட்டியலைப் பார்த்து உடலின் வயதைக் கணிப்பது ஏன் தவறாகும் என்பதற்காகவே இவ்வளவும் எழுதினேன்.

கேட்டவருக்கு என் பங்கு ஆலோசனை சிறிது. மேசையின் உயரம் முழங்கை மட்டத்தில் இருக்கட்டும், மவுஸை மணிக்கட்டால் மட்டும் அல்லாமல் முன்கையோடு சேர்த்து நகர்த்துங்கள், விரல் மரத்துப்போனால் அன்று ஆட்டத்தை நிறுத்துங்கள். குழந்தை விழிக்கவைத்த இரவுக்கு மறுநாள் ரேங்க் ஆட வேண்டாம். தூக்கமின்மை எதிர்வினையைக் குலைக்கும் அளவுக்கு முன், மூன்று நான்கு ஆண்டு வயது வித்தியாசம் ஒன்றுமே இல்லை.

மறுமொழி: அரைநொடி

மானிட்டர் விஷயம் தெரிந்துவிட்டதால், மீதியைப் பிரித்தறிய ஒரு வழி சொல்கிறேன். விளையாட்டு உங்கள் ஆட்டங்களைப் பதிவு செய்து வைத்திருக்கும். மருமகனோடு ஆடியதையும், ரேங்க் ஆட்டங்கள் சிலவற்றையும் எடுத்து, நீங்கள் இறந்த இடங்களை மட்டும் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் கேட்க வேண்டியவை: எதிரி திரையில் தோன்றிய கணத்தில் உங்கள் குறி எங்கே இருந்தது? அவன் அங்கே வருவான் என்பதற்கான ஓசையோ தகவலோ முன்பே கிடைத்திருந்ததா? நீங்கள் அசைந்துகொண்டே சுட்டீர்களா, நின்று சுட்டீர்களா?

குறி தலை உயரத்தில், சரியான விளிம்பில் இருந்து, நீங்கள் நின்றுகொண்டிருந்து, அப்படியும் அவன் முந்தியிருந்தால் அதை வயதின் கணக்கில் எழுதுங்கள். குறி தரையில் இருந்ததென்றால் அது பயிற்சியின் கணக்கு. தகவல் இருந்தும் கவனிக்காமல் விட்டிருந்தால் அது கவனத்தின் கணக்கு. பழைய பதிப்பில் மட்டுமே செல்லுபடியாகும் இடத்தில் நின்றிருந்தால் அது சதுக்கபூதம் சொன்ன கணக்கு. முதல் வகையில் நீங்கள் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே சேரும் என்பது என் ஊகம். முத்துவும் தம் ஆட்டங்களில் இதைச் செய்துவிட்டு இங்கே எழுதினால் ஒப்பிட ஒரு பத்தொன்பது வயதுக் கணக்கும் நமக்குக் கிடைக்கும்.

மறுமொழி: மின்னல் முத்து

செய்கிறேன். வார இறுதியில் எழுதுகிறேன். ஆனால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த குறிகளை எண்ணச் சொல்லி என்னை மாட்டிவிடாதீர்கள், அண்ணா. அவை எனக்கும் நிறைய இருக்கும்.